படம் அழகா, கணக்கு சரியா?

கணினியில் இடம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பார்கள், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வார்கள். கொஞ்ச நாளில் அதே எச்சரிக்கை மறுபடி வந்து நிற்கும். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று தெரியாமல் அழிப்பதால் வருகிற வினை இது. விண்டோஸில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அதிலுள்ள ஃபைல்களின் அளவு பட்டியலில் தெரியும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களின் அளவு தெரியாது. ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்க்க வேண்டும். லட்சக்கணக்கான ஃபைல்கள் குவிந்திருக்கும் கணினியில் அது ஆகிற காரியமல்ல. அந்த வேலையை நமக்காகச் செய்து, எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருள்கள் நிறைய உண்டு. அவற்றில் பல இலவசம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், எது வேகமானது, எது பார்க்க அழகானது என்பதையே பலரும் சொல்வார்கள். அவை இரண்டும் இரண்டாம் பட்சம் என்பது என் கருத்து. இந்த வகை மென்பொருளை முதலில் அதன் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும். எவ்வளவு இடம் எங்கே போனது என்று சரியாகச் சொல்கிறதா, சொல்ல முடியாத இடத்தில் அதை ஒப்புக்கொள்கிறதா என்பதே முதல் கேள்வி.

படத்தின் கதையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது பிறந்ததே ஒரு நிறைந்துபோன டிஸ்க்கால்தான். 1990-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில், மனிதர்–கணினி உறவை ஆராயும் கூடத்தில் 80 எம்பி ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தது. 14 பேர் அதைப் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். யார் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று கிளை பிரியும் அமைப்பை மரம் போல வரைந்தால் திரை போதாது. அங்கே பேராசிரியராக இருந்த பென் ஷ்னைடர்மேன் மரத்தை விட்டுவிட்டு, திரை முழுவதையும் ஒரே செவ்வகமாக எடுத்துக்கொண்டார். அதை ஃபோல்டர்களின் அளவுக்கேற்பப் பாகம் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் அதன் உள்ளிருக்கும் ஃபோல்டர்களுக்கு மறுபடி பிரித்தார். ஃபைல் எவ்வளவு பெரிதோ அதன் கட்டமும் அவ்வளவு பெரிது. ட்ரீமேப் என்று பெயர்பெற்ற இந்த முறை பற்றிய அவருடைய கட்டுரை 1992-ல் வெளியானது. இன்று பங்குச்சந்தை நிலவரத்தையும் தேர்தல் முடிவுகளையும் பத்திரிகைகள் கட்டம் கட்டமாகக் காட்டுகின்றனவே, அதற்கெல்லாம் மூலம் இதுதான்.

முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. செவ்வகத்தை ஒருமுறை நெடுக்காகவும் அடுத்தமுறை குறுக்காகவும் வெட்டிக்கொண்டே போனால், பல கட்டங்கள் நூல் போல மெலிந்துவிடும். அவற்றின் பரப்பைக் கண்ணால் ஒப்பிட முடியாது. நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யார்க் வான் வைக்கும் அவருடைய சகாக்களும் இதைச் சரிசெய்தார்கள். கட்டங்களுக்கு மெத்தை போன்ற ஒளி–நிழல் கொடுப்பது 1999-லும், அவற்றைக் கூடியவரை சதுரமாக அமைப்பது 2000-லும் வந்தன. விண்டோஸ்காரர்கள் பலருக்கும் தெரிந்த வின்டர்ஸ்டாட் இந்த வழியில் வந்ததுதான். அதைத் திறந்து சி டிரைவை ஸ்கேன் செய்தால், மேல்பாதியில் ஃபோல்டர் பட்டியலும் கீழ்ப்பாதியில் வண்ணக் கட்டங்களும் வருகின்றன. வீடியோவுக்கு ஒரு நிறம், போட்டோவுக்கு ஒரு நிறம் என்று ஃபைலின் வகைக்கேற்ப நிறம் மாறும். ஓரத்தில் பல்லாயிரம் சின்னஞ்சிறு ஃபைல்கள் பொடிப் பொடியாகக் கிடக்க, நடுவே ஒற்றை நிறத்தில் ஒரு பெரிய கட்டம் தனித்துத் தெரியும். அதைக் கிளிக் செய்தால் மேலே இருக்கும் பட்டியல் தானாக விரிந்து அந்த ஃபைலின் பெயரையும் இருப்பிடத்தையும் காட்டும். ‘ஆப்டேட்டா’ என்ற மறைவான ஃபோல்டரின் ஆழத்தில், என்றோ ஐடியூன்ஸ் எடுத்துவைத்த ஐபோன் பேக்கப் பல ஜிபி-யை விழுங்கிக்கொண்டிருப்பது இப்படித்தான் பலருக்கும் தெரியவருகிறது. ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுகிறவர் அந்த இடத்துக்குப் போகவே மாட்டார், ஏனென்றால் விண்டோஸ் அதைச் சாதாரணமாகக் காட்டுவதில்லை.

கட்டத்துக்குப் போட்டியாக வளையங்களும் உண்டு. மேக் கணினிக்கான டெய்சிடிஸ்க், லினக்ஸில் ஃபைல்லைட், பேயோபாப் ஆகியவை டிஸ்க்கை நடுவில் வைத்து, ஃபோல்டர்களைச் சுற்றிச் சுற்றி வளையங்களாக அடுக்குகின்றன. எந்த ஃபோல்டருக்குள் எது இருக்கிறது என்ற அமைப்பு இதில் சட்டென்று புரியும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஜான் ஸ்டாஸ்கோவும் சகாக்களும் 2000-ல் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வளையத்தையே விரும்பினார்கள். ஆனால் விருப்பம் வேறு, அளவை மதிப்பிடும் திறன் வேறு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அடிக்கோட்டில் நிற்கும் கோடுகளின் நீளத்தை மனிதக் கண் நன்றாக ஒப்பிடுகிறது, கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடும்போது தடுமாறுகிறது என்று காட்டியது. கட்டம் பரப்பை நம்பியிருக்கிறது, வளையம் கோணத்தை நம்பியிருக்கிறது. வளையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரே கோணத்தில் அமைந்த துண்டு வெளிவட்டத்தில் இருந்தால் உள்வட்டத்தில் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். ஆகவே படம் கண்டுபிடிப்பதற்கு, பட்டியல் அளப்பதற்கு. அளவு வாரியாக இறங்குவரிசையில் அடுக்கிய பட்டியலும், பக்கத்தில் சிறு பட்டைக்கோடும் இல்லாத மென்பொருள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்கிறது.

அந்தப் பட்டியலில் வரும் எண்ணைத்தான் அடுத்து சந்தேகிக்க வேண்டும். ஒரு ஃபைலுக்கு இரண்டு அளவுகள் உண்டு: அதில் இருக்கும் தகவலின் அளவு ஒன்று, டிஸ்க்கில் அது பிடிக்கும் இடம் இன்னொன்று. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு இடத்தை வழக்கமாக 4,096 பைட் கொண்ட துண்டுகளாகத்தான் ஒதுக்கும். 5,000 பைட் உள்ள ஃபைலுக்கு இரண்டு துண்டு வேண்டும், அதாவது 8,192 பைட். அப்படிப்பட்ட 10,000 ஃபைல்கள் இருந்தால் தகவல் 50 எம்பி, பிடித்த இடம் சுமார் 82 எம்பி. மறுபக்கம், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் வைத்த 4 ஜிபி வீடியோ, கணினியில் பெயரளவுக்கு மட்டும் இருந்து இடமே பிடிக்காமலும் இருக்கலாம். முதல் அளவை மட்டும் காட்டும் மென்பொருள் அந்த வீடியோவைப் பெரிய கட்டமாக வரைந்துவிடும். நீங்கள் அதை அழித்தால் கணினியில் ஒரு எம்பி கூடக் கிடைக்காது. இணையத்தில் இருக்கும் மூலமும் சேர்ந்து போய்விடும். எனவே இரண்டு அளவையும் தனித்தனி வரிசையில் காட்டுகிற மென்பொருளே நம்பத்தக்கது. விஸ்ட்ரீ, ட்ரீசைஸ், வின்டர்ஸ்டாட்டின் புதிய பதிப்புகள் மூன்றும் இதைச் செய்கின்றன.

ஒரே ஃபைலை இரண்டு முறை எண்ணுவது அடுத்த பிழை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்-எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று உண்டு. பார்த்தால் பல ஜிபி இருப்பதாகத் தெரியும். அதில் இருக்கும் ஃபைல்களில் பல, விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களில் இருக்கும் ஃபைல்களேதான். ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயரை எண்ணுகிற மென்பொருள் இரட்டிப்பாகக் கணக்குச் சொல்லும். ஆப்பிள் 2017-ல் மேக் கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் அமைப்பிலும் இதே கதை: ஃபைலை அதே டிஸ்க்கில் நகலெடுத்தால், மாற்றம் செய்யும்வரை நகல் தனியாக இடம் பிடிக்காது. பட்டியலில் மட்டும் இரண்டும் முழு அளவில் நிற்கும். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின், டிஸ்க்கின் அந்நேர நிலையைப் பதிவாக அவ்வப்போது எடுத்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டோ இதற்கு நேர்மாறு. ஃபைலை அழித்தாலும் ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துவைத்திருப்பதால் இடம் உடனே திரும்பி வராது. லினக்ஸ் சர்வர்களில் இன்னொன்று நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று திறந்துவைத்திருக்கும் லாக் ஃபைலை அழித்தால், அதன் பெயர் மறைந்துவிடும், இடம் விடுபடாது. ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளை ஒரு தொகையைச் சொல்ல, டிஸ்க்கின் இருப்பைச் சொல்லும் ‘டிஎஃப்’ கட்டளை வேறொன்றைச் சொல்லும். இரண்டுமே பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

பார்க்க முடியாததை எண்ண முடியாது என்பதும் உண்டு. விண்டோஸில் அட்மின் அனுமதி இல்லாமல் இயக்கினால், மற்றவர்களின் ஃபோல்டர்களும் சிஸ்டத்தின் சில பகுதிகளும் திறக்காது. மேக்கில் 2018-ல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து, முழு டிஸ்க்கையும் பார்க்கும் அனுமதியைப் பயனர்தான் செட்டிங்ஸில் போய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சில மென்பொருள்கள் திறக்காத ஃபோல்டரைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போலப் படத்தை வரைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. மென்பொருள் சொல்லும் மொத்தத்தையும், டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் ‘யூஸ்டு ஸ்பேஸ்’ என்று வரும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைப் பேரேட்டில் வரவையும் இருப்பையும் நேர்பார்ப்பது போலத்தான். சில ஜிபி வித்தியாசம் இயல்பு. முப்பது, நாற்பது ஜிபி குறைந்தால் அது எங்கே என்று மென்பொருள் சொல்ல வேண்டும். டெய்சிடிஸ்க் அதை ‘மறைந்த இடம்’ என்று தனித் துண்டாகவே காட்டுகிறது. வின்டர்ஸ்டாட்டில் ‘தெரியாதது’ என்று காட்டும் வசதி உண்டு. எடுத்த எடுப்பில் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று தெரிவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்கிறார். விண்டோஸ் 1,024-ஐ மும்முறை பெருக்கி வருவதை ஒரு ஜிபி என்கிறது. அங்கே இடம் எதுவும் தொலையவில்லை.

வேகத்தைப் பற்றி இப்போது பேசலாம். விஸ்ட்ரீ சில நொடிகளில் முடிக்கும் வேலைக்கு மற்றவை சில நிமிடங்கள் எடுப்பது உண்மைதான். பெரும்பாலான மென்பொருள்கள் ஃபோல்டர் ஃபோல்டராகப் போய் இயங்குதளத்திடம் விவரம் கேட்கின்றன. விஸ்ட்ரீயோ, எல்லா ஃபைல்களின் விவரத்தையும் என்டிஎஃப்எஸ் ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கும் மூலப் பட்டியலை நேராகப் படித்துவிடுகிறது. பெரிய சர்வரைப் பார்க்கும் நிர்வாகிக்கு இது பெரிய உதவி. வீட்டுக் கணினியை மாதம் ஒருமுறை பார்க்கிறவருக்கு ஐந்து நிமிடக் காத்திருப்பு ஒரு பொருட்டல்ல. அந்த மூலப் பட்டியலைப் படிக்க அட்மின் அனுமதி கட்டாயம்; பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி, எக்ஸ்எஃப்ஏடி அமைப்புகளில் அந்தப் பட்டியலே கிடையாது, ஆகவே அங்கே வேகமும் இல்லை. வேகம் நல்லதுதான், சரியான கணக்கோடு சேர்ந்து வரும்போது. விஸ்ட்ரீயில் அது சேர்ந்தே வருகிறது என்பதால் அதைப் பரிந்துரைக்கலாம். வேகம் என்ற ஒன்றுக்காக மட்டும் எதையும் பரிந்துரைக்க முடியாது.

“இதெல்லாம் எதற்கு? ஒரு பட்டனை அழுத்தினால் குப்பையைத் தானே அள்ளிவிடும் கிளீனர் மென்பொருள் இருக்கிறதே” என்று கேட்கலாம். காட்டுகிற மென்பொருளையும் அழிக்கிற மென்பொருளையும் ஒன்றாக நினைப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. எது குப்பை என்ற தீர்ப்பைக் கிளீனரிடம் விட்டுவிடுகிறோம். கூடவே கணினி முழுவதையும் தொடும் அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறோம். அந்த அதிகாரம் கைமாறினால் என்னவாகும் என்பதை 2017 காட்டியது. உலகெங்கும் பயன்பட்ட சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் தாக்குதல்காரர்கள் தங்கள் நிரலை நுழைத்துவிட்டார்கள். அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே அது இறங்கியது. 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது. காட்டும் மென்பொருளுக்கும் அட்மின் அனுமதி தருகிறோமே என்ற எதிர்வாதம் நியாயமானது. அதனால்தான் மூலநிரல் திறந்திருக்கும் வின்டர்ஸ்டாட் போன்றவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கிறேன். எதையானாலும் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்க வேண்டும். தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பரத்தை நம்பி அல்ல.

காட்டும் மென்பொருளிலும் ‘டெலிட்’ பட்டன் இருக்கிறது. அதை எங்கே அழுத்தக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். சி டிரைவில் ஹைபர்ஃபில்.சிஸ் என்று ஒரு பெரிய கட்டம் தெரியும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது சுமார் 6 ஜிபி இருக்கும். கணினியை ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் இடம் அது. வேண்டாமென்றால் ஹைபர்னேட் வசதியை நிறுத்தினால் விண்டோஸே அதை நீக்கிவிடும். கணினியை விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் அதோடு போய்விடும் என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரை வீணானது என்று அழித்தால், பின்னாளில் ஒரு மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். வின்-எஸ்எக்ஸ்எஸ்ஸிலும் கை வைக்கக் கூடாது. விண்டோஸைப் புதுப்பித்தபின் நிற்கும் விண்டோஸ்.ஓல்டு போன்றவற்றை விண்டோஸின் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பக்கம் வழியாக நீக்குவதே முறை. சுருங்கச் சொன்னால், இடம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ளப் படம். சிஸ்டத்துக்குச் சொந்தமானதை நீக்க சிஸ்டத்தின் சொந்த வழி.

விண்டோஸிலும் மேக்கிலும் செட்டிங்ஸுக்குள்ளேயே ‘ஸ்டோரேஜ்’ பக்கம் இருக்கும்போது தனி மென்பொருள் எதற்கு என்ற கேள்விக்கு ஓரளவு நான் உடன்படுகிறேன். முதலில் அங்கேதான் போக வேண்டும். டெம்பரரி ஃபைல், பயன்படுத்தாத ஆப், ரீசைக்கிள் பின் என்று பலருக்கும் வேண்டிய இடம் அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் வகை சொல்லுமே தவிர முகவரி சொல்லாது. மேக்கில் ‘சிஸ்டம் டேட்டா’ என்ற ஒரே பட்டைக்குள் ஆப்கள் சேர்த்துவைத்த கேஷும் மற்றவையும் சேர்ந்து கிடக்கும்; அதைப் பிரித்துப் பார்க்க அந்தப் பக்கத்தில் வழி இல்லை. இன்னொரு மறுப்பு, டிஸ்க் இப்போது மலிவுதானே, பெரிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்பது. இன்றைய மேக்புக்குகளிலும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றிலும் சேமிப்புச் சிப்பு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய நாளில் தேர்ந்தெடுத்த அளவுதான் கடைசிவரை. வெளியே இணைக்கும் டிஸ்க் வாங்கினாலும், எது இடத்தைத் தின்கிறது என்று தெரியாமல் எதை அதற்கு மாற்றுவது? பேக்கப் எடுக்கும்போது குப்பைக்கும் சேர்த்து இடம் வேண்டும். இணையச் சேமிப்பானால் அதற்கு மாதாமாதம் பணமும் கட்ட வேண்டும்.

இந்த அளவுகோலில் தேர்வு எளிதாகிவிடுகிறது. வீட்டு விண்டோஸ் கணினிக்கு வின்டர்ஸ்டாட் அல்லது விஸ்ட்ரீ போதும். விஸ்ட்ரீ சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். அலுவலகத்தில் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும், இதைப் பல அலுவலகங்கள் கவனிப்பதில்லை. படம் குழப்புகிறது, பட்டியல் போதும் என்பவருக்கு ஜெர்மனியின் ட்ரீசைஸ் இலவசப் பதிப்பு பொருந்தும். மேக்கில் செலவில்லாமல் பார்க்க கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ். மறைந்த இடத்தையும் கணக்கில் வைக்க வேண்டும் என்றால் பணம் கொடுத்து டெய்சிடிஸ்க். லினக்ஸில் நோம் திரைச்சூழலைப் பயன்படுத்துவோரிடம் பேயோபாப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், கேடிஇ திரைச்சூழலில் ஃபைல்லைட் உண்டு. வரைகலைத் திரை இல்லாத தொலைதூர சர்வருக்கு, கறுப்புத் திரையில் எழுத்தாலேயே பட்டைக்கோடு போட்டுக் காட்டும் என்சிடியூவை மிஞ்ச ஆளில்லை. பல பெயர் கொண்ட ஒரே ஃபைலை அது ஒருமுறைதான் எண்ணும். படமே இல்லாத இந்தக் கருவியை நிர்வாகிகள் விரும்புவது, கணக்குதான் முதல் என்ற வாதத்துக்குத் துணை நிற்கிறது.

எந்த மென்பொருளை எடுத்தாலும் அது அளவைத்தான் காட்டும், மதிப்பைக் காட்டாது. திரையில் பாதியை அடைக்கும் கட்டம் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவாக இருக்கலாம். பொடியாகத் தெரியும் புள்ளி, வேறெங்கும் நகல் இல்லாத கணக்கு ஃபைலாக இருக்கலாம். பெரியதை அழி என்று படம் தூண்டும், ஏனென்றால் பெரியது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வது நல்லது: கணக்கு நேராகிறதா என்று பார்ப்பது முதல் வேலை, பெரிய கட்டங்கள் இன்னவை என்று அடையாளம் காண்பது இரண்டாவது, வேண்டியவற்றுக்கு வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவைப்பது மூன்றாவது. அழிப்பது அதற்குப் பிறகுதான். முதல் மூன்றுக்கு உதவுகிற மென்பொருள் எதுவானாலும் வைத்துக்கொள்ளலாம். நேராக நான்காவதுக்கு அழைத்துப் போகிற மென்பொருளைத்தான் முதலில் அழிக்க வேண்டும்.